யெரோ சங்காரே மரியாதையாகப் பேசிய காலம்

யெரோ சங்காரேயை நல்லவன் என்று எழுத எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாட்டுத் தரகன். ஒரு காளையைச் சுற்றி வந்தாலே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவான். விற்கிறவனிடம் ஒன்று சொல்வான், வாங்குகிற கசாப்புக்காரனிடம் வேறொன்று சொல்வான். கருமி. அவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கலயத்தில் பாலோடு தண்ணீரும் கூடும். கெட்டவன் என்று எழுதவும் முடியவில்லை. எங்கள் ஊரில் யாருக்காவது மாடு நோயில் விழுந்தால் கூப்பிடாமலே வந்து நிற்பான், வாய் நிறையத் திட்டிக்கொண்டு.

திட்டுவது அவனுக்கு உரிமை. அவன் மாடு மேய்க்கிற ஃபுலானி, நாங்கள் பயிர் செய்கிற போபோக்கள். இரண்டு சனங்களுக்கும் நடுவே கேலிமுறை உண்டு. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் எதையும் நம்பியதில்லை. விதி மட்டும் எல்லோருக்கும் தெரியும்: அவன் எங்களை என்ன சொன்னாலும் எங்களுக்குக் கோபம் வரக்கூடாது, நாங்கள் என்ன சொன்னாலும் அவனுக்கு வரக்கூடாது.

எங்கள் தெருமுனையில் ரோஸலி மில்லோகோ சோளக் கள் காய்ச்சி விற்றாள். அவள் வேப்பமரத்தடியில் பானையை இறக்கி வைக்கிற நேரத்துக்குச் சரியாக யெரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவான்.

"வந்துட்டான் திருடன். இன்னைக்கு யார் வீட்டு மாடுடா?" என்று ரோஸலி தொடங்குவாள்.

"உங்க அப்பன் வீட்டு மாடுதான். அவரே கயித்தைக் கையில குடுத்து, இந்தக் குடிகாரக் கூட்டத்துக்கிட்ட இருந்து இதையாவது காப்பாத்துப்பான்னாரு."

"அடிமைக்கு வாயைப் பாரு. பொண்டாட்டி பேரு மறந்துபோய் மாட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன்தானே நீ."

"மாடு பால் குடுக்குது. நீ என்ன குடுக்குற? தலைவலி."

மரத்தடியில் காலையிலேயே குடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் பழைய கேலிகள்: எங்களுக்கு அவர்கள் அடிமைகள், மாட்டுத் திருடர்கள்; அவர்களுக்கு நாங்கள் அடிமைகள், குடிகாரர்கள், நாய்க்கறி தின்கிறவர்கள். புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க ரோஸலி அதையே சொல்லிச் சொல்லி மகிழ்வாள்.

யெரோவின் அப்பா இறந்த அன்று ரோஸலி செய்ததை ஊர் இன்னும் சொல்லும். செத்தவரின் கூம்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவருடைய கோலை ஊன்றி, அவரைப் போலவே காலை இழுத்து இழுத்து முற்றத்தைச் சுற்றினாள். பிறகு வாசற்படிக்குக் குறுக்கே படுத்துவிட்டாள். "எங்க பாட்டன்கிட்டத் திருடின மாட்டைக் குடுத்துட்டுத்தான் இந்தக் கிழவன் மண்ணுக்குள்ள போகணும்." அழுதுகொண்டிருந்த யெரோவுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. விருந்துக்கும் சடங்குக்கும் மெல்லக் கொடுக்கிற கோலாக் கொட்டையில் ஒரு கை கொடுத்து அவளை எழுப்பிய பிறகுதான் உடலைத் தூக்கினார்கள். கேலிமுறைக்காரர்கள் மறிக்காமல் போகிற சாவு எங்களுக்கு அநாதைச் சாவு.

ரோஸலியின் தம்பி பெனுவா மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறவன். அவன் கடைக்குப் பின்னால்தான் யெரோவின் மாட்டுத் தொழுவம். அந்த இடத்தின் மேல் பெனுவாவுக்கு ஒரு கண் இருந்தது. கடையைப் பெரிதாக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டும் பார்த்தான். "உன்னைப் புதைக்க அவ்வளவு எடம் எதுக்குடா?" என்று யெரோ சிரித்துவிட்டுப் போய்விட்டான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வடக்கே தொடங்கிய சண்டை மெல்லக் கீழே இறங்கி வந்தது. காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்து கிராமங்களை எரிக்கிறவர்களை நாங்கள் பெயர் சொல்லாமல் 'காட்டாளுங்க' என்போம். அவர்களில் ஃபுலானிகள் அதிகம் என்றார்கள். எவ்வளவு அதிகம் என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. எங்கள் ஊருக்கும் மாட்டுச் சந்தைக்கும் நடுவே சாலையில் தகர டிரம்களை உருட்டி வைத்துக் கயிறு கட்டினார்கள். ஊர்க்காவலுக்குச் சேர்ந்த தன்னார்வலர்கள் அதில் நின்றார்கள். முதலில் எங்கள் பையன்கள். பிறகு எங்கிருந்தோ வந்தவர்கள்.

அந்த நாட்களில்தான் கேலி மாறியது. 'மாட்டுத் திருடன்' இருந்த இடத்தில் 'காட்டாள்' வந்து உட்கார்ந்தது. முதலில் சொன்னது யார் என்று பின்னால் விசாரித்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். "காட்டாளு வர்றான், சோத்தை மூடுங்க" என்பார்கள். யெரோவும் சிரிப்பான். அவன் சிரிக்கிறானா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நாங்கள் சிரிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

அவன் மனைவி பெந்தா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அதுக்கு எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலைன்னா என்ன நெனைப்பாங்கன்னு யோசிச்சியா?"

திருடன் என்ற கேலியை எங்களில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததால்தான் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. காட்டாள் என்ற சொல்லை ஊரில் பாதிப்பேர் நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்கிறவன் கேலி செய்யும்போது அதில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் வருகிறதா என்று காத்திருக்கிறான்.

ஒரு சந்தை நாள். யெரோவின் வண்டி பழுதாகிக் கடையில் கிடந்தது. பெனுவா தன் வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனான். தடுப்பில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வயதானவன், இன்னொருவன் புதிய இளைஞன். இருவருமே இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை.

"பின்னாடி யாரு?" என்று இளைஞன் கேட்டான்.

பெனுவா எப்போதும் போலச் சொன்னான்: "இவனா? என் அடிமை. காட்டாளுங்களுக்குச் சமையக்காரன். தொப்பிக்குள்ள நல்லாத் தேடுங்க, துப்பாக்கி இருக்கும்."

வயதானவன் சிரித்தான். இளைஞன் சிரிக்கவில்லை.

"எறங்கு."

"அட, கேலிப்பா. நான் போபோ, அவன் ஃபுலானி. எங்களுக்குள்ள முறை உண்டு. கேலி."

"எது கேலி? மொதல்ல சொன்னதா, இப்பச் சொல்றதா?"

இந்தக் கேள்வியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த இளைஞனை எனக்குப் பிடிக்காது. ஆனால் கேள்வியில் குற்றம் காண முடியவில்லை.

யெரோவைத் தடுப்போரம் இருந்த கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். பெனுவாவைப் போகச் சொன்னார்கள். அவன் ஊருக்குத் திரும்பவில்லை, சந்தைக்குப் போனான். கசாப்புக்காரர்களின் தலைவருக்குத் தடுப்பின் அதிகாரியைத் தெரியும், அவரைத் தேடிப் போனேன் என்று மாலையில் சொன்னான். அவரைப் பார்த்தாயா என்று கேட்டோம். அவர் அன்று சந்தைக்கு வரவில்லையாம். ஊர் அவனை நம்பியது. எதிரில் நம்பியது, தனித்தனியாகச் சந்தேகப்பட்டது. தொழுவம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

யாரும் கேட்காமலே கிளம்பிப் போனவள் ரோஸலி. கள்ளுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தடுப்புக்கு நடந்தாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் அடிமையைப் பூட்டி வெச்சிருக்கீங்களாமே. அவன் என் சொத்து. பாட்டன் வெச்சுட்டுப்போன சொத்து. என்னைக் கேக்காம நீங்க எப்படிப்பா எடுக்கலாம்?"

"எந்திரிச்சுப் போ கெழவி."

"கெழவியா? உங்க அம்மா வயசு எனக்கு. சொத்தைக் குடு, போறேன். அந்த மாட்டுச் சாணி நாத்தத்தை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?"

அன்று கொடுக்கவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். கடைசியில் அவளுடைய வாய்க்கு அஞ்சியோ, கள்ளின் தயவிலோ, கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டதாலோ விட்டார்கள். யெரோ அவள் பின்னாலேயே நடந்து வந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பிறகும் மடங்கியதில்லை.

பெனுவா அவன் வீட்டுக்குப் போனான். போகாமல் இருக்கவும் முடியாது, போய் என்ன சொல்வதென்றும் தெரியாது. எங்கள் முறையில் மன்னிப்புக்கு இடமில்லை. மன்னித்துக்கொள் என்று பெனுவா சொன்னால், தான் சொன்னது கேலி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். மன்னித்தேன் என்று யெரோ சொன்னால், தனக்குக் கோபம் வந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே பெனுவா தெரிந்த ஒன்றைச் செய்தான்.

"என்னடா அடிமை, கவர்மெண்டு சோறு நல்லா இருந்துச்சா?"

யெரோ எழுந்து நின்றான். "வாங்க பெனுவா. உக்காருங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

பெனுவா சிரித்துப் பார்த்தான். எதிரே சிரிப்பு வரவில்லை. பெந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை அவன் குடித்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து யெரோ எங்கள் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினான். வேப்பமரத்தைக் கடக்கும்போது நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னான். பயிரைப் பற்றி விசாரித்தான். யாராவது திட்டினால் தலையைக் குனிந்து, "கடவுள் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றான். ஒரு ஃபுலானி ஒரு போபோவிடம் இப்படிப் பேசுவதை நாங்கள் கேட்டதே இல்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பயமாக.

"எதுக்கு இப்படிப் பணிவாப் பேசுறான்?"

"மனசுல எதையோ வெச்சிருக்கான்."

"காட்டாளுங்ககூடச் சேர்ந்துட்டானோ? முன்னாடி இல்லைன்னாலும் இப்பச் சேர்ந்திருப்பானே."

"தடுப்புல ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா?"

இதைக் கேட்டவன் கெட்ட மனிதன் இல்லை. என் அடுத்த வீட்டுக்காரன். யெரோ செய்த குற்றம் எங்களைத் திட்டாமல் இருந்தது மட்டும்தான்.

ரோஸலிக்கு இந்தப் பேச்சு எட்டியது. அவன் மாடுகளோடு வந்தபோது மரத்தடியில் எல்லோர் முன்னாலும் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய். என்னைத் திட்டு."

"எதுக்குக்கா உங்களைத் திட்டணும்? உயிரை மீட்டுக் குடுத்தீங்க."

"அதுக்குத்தான் திட்டுங்கிறேன். நீ திட்டலைன்னா இவனுங்க உன்னைக் கொன்னுடுவானுங்கடா."

"தெரியும்க்கா."

கயிற்றை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். பெந்தா தன் அண்ணன் ஊருக்குப் போய்விடலாம் என்று நச்சரித்தாள். அவன் அதற்கும் அசையவில்லை. மரியாதையைத் தவிர அவன் கையில் வேறு ஆயுதம் இல்லை என்று அப்போது நினைத்தேன். எந்த நேரமும் அது அவனையே வெட்டக்கூடிய ஆயுதம்.

கோடை தொடங்கிய பிறகு ரோஸலிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தாள், போய்விட்டாள்.

பாதிரியார் வந்து செபம் முடித்தார். முற்றம் நிறைய ஆட்கள். யாரும் சவப்பெட்டியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். மறிக்க யெரோ வரவேண்டும். வராவிட்டால் அவளுடையது அநாதைச் சாவு. வராவிட்டால் அவன் கதி என்னவென்றும் எங்களுக்குத் தெரியும். என் அடுத்த வீட்டுக்காரன் சுவரோரம் இரண்டு பேரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். பெனுவா பெட்டியின் தலைமாட்டில் நின்றான். சட்டைப்பையில் கோலாக் கொட்டைகள் புடைத்திருந்தன.

யெரோ வந்தான். வெள்ளை அங்கி, பின்னால் பெந்தா. எல்லோருக்கும் முறைப்படி துக்கம் சொன்னான். "நல்ல பொம்பளை. கடவுள் எடம் குடுக்கட்டும்." சொல்லிவிட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான்.

தூக்கினோம். முன்பக்கத்து இடது மூலை என் தோளில். வாசலை நெருங்கியபோது எங்கள் கால்கள் தாமாகவே தயங்கின. அந்த இடத்தில் யாராவது மறிப்பார்கள் என்று கால்களுக்குப் பழக்கம். யெரோ நகரவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தெரு.

அப்போது அவன் நடந்து வந்து வாசற்படிக்குக் குறுக்கே உட்கார்ந்தான்.

"எறக்குங்க."

இறக்கினோம்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க? இவ எனக்கு எஜமானி. என் சொத்துன்னு சொல்லி என்னை மீட்டுட்டு வந்தவ. மீட்டவளுக்குத் தெரியும், வித்தவன் யாருன்னு. அதைச் சொல்லிட்டுப் போகட்டும்." பெட்டியைத் தட்டினான். "ரோஸலி, கேக்குதா? செத்த பொறவுமா சோம்பேறித்தனம்?"

யாரோ சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சிரிப்பு பரவியது, அழுகையோடு சேர்ந்து. ஆண்கள் பக்கம் தொடங்கி நின்றுபோனது.

பெனுவா கோலாவை எடுத்து நீட்டினான். "இந்தா. வெச்சுக்கிட்டு வழிய விடுடா."

"கோலா வேண்டாம்."

"கோழி தரேன்."

"உங்க வீட்டுக் கோழிய நாய்கூடத் திங்காது. நாய்தான் ஏது? அதைத்தான் தின்னு முடிச்சிட்டீங்களே."

இப்போது ஆண்களும் சிரித்தார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட திட்டு. என் மனம் லேசானது. அவசரப்பட்டுவிட்டேன்.

"பொறவு என்னதான் வேணும்?" என்றான் பெனுவா.

"அடுத்த சந்தைக்கு நாம போவோம். அதே வண்டி. நான் ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காரு. தடுப்புல நான் பேசுறேன், நீ வாயத் திறக்கக் கூடாது. சரின்னு சொல்லு, உங்க அக்கா போகட்டும்."

சிரிப்பு நின்றது. பெனுவாவின் மாமா கோலை ஊன்றி முன்னால் வந்தார். "யெரோ, இது கேலிதானா? இல்ல வேற ஏதுமா?"

"கேலிதான் பெரியவரே. எங்களுக்குள்ள வேற என்ன இருக்கு?"

யாரும் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கேலிக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம் என்பதைப் பெனுவாவிடமிருந்து அவன் கற்றிருந்தான். அல்லது பெனுவா எதையும் ஒளித்து வைக்கவில்லையோ என்னவோ. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி தரையில் கிடந்தது.

"சரி" என்றான் பெனுவா.

யெரோ எழுந்து வழிவிட்டான்.

சந்தை நாளன்று அவர்கள் கிளம்பியதை ஊரே பார்த்தது. யெரோ மடங்காத விரல்களோடு கைப்பிடியைப் பற்றியிருந்தான். பெனுவா பின்னால் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். பெனுவாவின் மனைவி வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாள். தடுப்பில் நடந்ததைப் பெனுவா சொன்னான். அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பிறகு அந்த வயதான காவலனிடமும் கேட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

அதே இளைஞன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். யெரோவை அடையாளம் கண்டானா தெரியவில்லை.

"பின்னாடி யாரு?"

யெரோ வண்டியை அணைத்தான். திரும்பிப் பெனுவாவைப் பார்த்தான். அவசரமில்லாமல், சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல. பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவனா? என் அடிமை" என்றான். "குடிகாரன். நாய்க்கறி திங்கிறவன்."

இளைஞன் காத்திருந்தான். பெனுவாவும் காத்திருந்தான்.

"அவ்வளவுதான்" என்றான் யெரோ. "வேற ஒண்ணும் கெடையாது இவன்கிட்ட."

வயதானவன் சிரித்தான். இளைஞனும் உதட்டோரம் சற்றே சிரித்துக் கயிற்றை இறக்கினான். பெனுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பைத் தாண்டிக் கண்ணில் படும் தூரத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிப் புதரோரம் போய் வாந்தி எடுத்தானாம். இதை வயதானவன்தான் சொன்னான். பெனுவா சொல்லவில்லை.

இப்போது யெரோ எங்களையெல்லாம் மறுபடியும் திட்டுகிறான். என்னை, என் அடுத்த வீட்டுக்காரனை, பெனுவாவின் மாமாவை. தடுப்பில் வார்த்தை சொல்லி வைப்பதைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை. அந்தப் பேச்சு போய்விட்டது என்று நான் நம்பிவிடவில்லை. 'காட்டாள்' என்ற சொல்லை மட்டும் மரத்தடியில் யாரும் எடுப்பதில்லை. தொழுவம் தொழுவமாகவே இருக்கிறது. இடத்தைப் பற்றிப் பெனுவா பிறகு கேட்டதில்லை.

ரோஸலியின் பானைகளை இப்போது பெனுவாவின் மனைவி இறக்கி வைக்கிறாள். யெரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது பெனுவா கடையை விட்டு வெளியே வந்து, கையில் ஸ்பேனரோடு சாலையோரம் நிற்பான்.

"எங்கடா திருடா, இவ்வளவு லேட்டு?"

யெரோ நிற்பான். தொப்பியைத் தொட்டுக்கொள்வான்.

"வணக்கம் பெனுவா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்பான் பெனுவா.

மாடுகள் கடந்து போகும். பெனுவா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான்.